ஒரு கிளட்ச் பஞ்சாயத்தில் பிறந்த கார்! ஃபெராரியோடு மோதிய டிராக்டர்காரர்... யார் இந்த ஃபெருச்சியோ லம்போர்கினி?

லம்போர்கினி என்றதும் என்ன ஞாபகம் வரும்? மேல்நோக்கித் திறக்கும் கதவு, காதைப் பிளக்கும் சத்தம், ரீல்ஸில் யாரோ ஒரு பிரபலம் ஸ்டைலாக இறங்கி வரும் காட்சி. ஆனால் இந்த கம்பெனி பிறந்த கதையைக் கேட்டால் அங்கே கதவும் வராது, வேகமும் வராது. இடது காலுக்குக் கீழே இருக்கும் ஒரு பெடல்தான் வரும். ஆமாம், கிளட்ச்!

டிராக்டர் விற்கிற ஒருத்தரை என்ஸோ ஃபெராரி அவமானப்படுத்தினார், அந்தக் கோபத்தில் அவர் தனியாக கார் கம்பெனி ஆரம்பித்து ஜெயித்துக் காட்டினார். மோட்டிவேஷன் வீடியோக்களில் இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பீங்க. கேட்க நல்லா இருக்கும்தான். ஆனா, அதில் முக்கியமான பாதி விட்டுப்போகுது. அந்த டிராக்டர்காரர் முதலில் ஒரு மெக்கானிக். கோபம் வருவதற்கு முன்னாடியே காரை லிஃப்டில் ஏற்றிப் பிரித்துப் பார்த்தவர். அவருக்கு என்ன கோளாறு கண்ணில் பட்டது? தன் சொந்த காரில் அதைச் சரிசெய்தாரா? விரிவாகப் பார்க்கலாம்.

திராட்சைத் தோட்டத்துப் பையன்

வடக்கு இத்தாலியில் சென்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ரெனாட்ஸோ என்ற சின்ன கிராமம். அங்கே 1916 ஏப்ரல் 28-ம் தேதி பிறந்தவர் ஃபெருச்சியோ லம்போர்கினி. அப்பா அன்டோனியோ, அம்மா எவெலினா, இரண்டு பேருமே திராட்சை விவசாயிகள். பையனுக்கோ திராட்சைக் கொடியைவிட தோட்டத்தில் நிற்கும் இயந்திரங்கள் மேல்தான் கண்ணு. பொலோன்யா பக்கம் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து மெக்கானிக் வேலை படித்தார்.

1940-ல் ராணுவ அழைப்பு வந்தது. இத்தாலிய விமானப்படையில் சேர்த்து, ரோட்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே விமானம் ஓட்டப் போகவில்லை. வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளர் ஆனார். தீவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஒழுங்காக வந்து சேராத காலம். கையில் கிடைத்ததை வைத்து வண்டியை ஓட வைக்கணும். 1945-ல் தீவு பிரிட்டிஷ்காரர்கள் கைக்குப் போனதும் போர்க் கைதியாகி, அதற்கு அடுத்த ஆண்டுதான் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்து கல்யாணம், சின்னதாக ஒரு பட்டறை என்று வாழ்க்கை நிலைக்கு வருவதற்குள் பெரிய அடி. 1947-ல் மகன் டோனினோவைப் பெற்றெடுத்தபோது மனைவி கிளேலியா இறந்துபோனார். கைக்குழந்தையும் கிரீஸ் படிந்த பட்டறையுமாக நின்றபோது அவருக்கு வயது 31.

பழைய ராணுவ லாரியிலிருந்து ஒரு டிராக்டர்

போர் முடிந்த இத்தாலியில் விவசாயிகளுக்கு டிராக்டர் தேவை, வாங்கத்தான் காசு இல்லை. இன்னொரு பக்கம் ராணுவம் விட்டுப்போன லாரிகள் மலிவு விலைக்குக் குவிந்து கிடந்தன. ஃபெருச்சியோ இரண்டையும் சேர்த்து யோசித்தார். மோரிஸ் லாரியின் பெட்ரோல் எஞ்சினை எடுத்து டிராக்டரில் வைத்தார். ஆனால் பெட்ரோல் விலை விவசாயிக்குக் கட்டுப்படியாகாதே? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எஞ்சினை பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் விலை குறைந்த எண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும்படி ஒரு கருவியைப் பொருத்தினார். 1948 பிப்ரவரியில் சென்டோ ஊர்த் திருவிழாவில் 'கரியோகா' என்ற அந்த டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்துதான் லம்போர்கினி டிராக்டர் கம்பெனி கிளம்பியது.

அதே 1948-ல் இன்னொரு சம்பவமும் நடந்தது. தன் குட்டி ஃபியட் டோபோலினோவின் எஞ்சினை 750 சிசிக்குப் பெருக்கி, 'மில்லே மிலியா' என்ற புகழ்பெற்ற சாலைப் பந்தயத்தில் இறங்கினார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு, கார் நேராகப் போய் ரோட்டோர உணவகம் ஒன்றில் மோதி நின்றது. பந்தய ஆசை அத்தோடு சரி. பின்னாளில் கார் கம்பெனி நடத்தியபோதும், தன் கார்களை ரேஸுக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவே இல்லை. இந்த உணவக மேட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

டிராக்டர் நன்றாக ஓடியது. அடுத்து ஹீட்டர், ஏர் கண்டிஷனர் தொழிலிலும் இறங்கினார். 1950-களின் கடைசியில் ஆள் பெரிய பணக்காரர். ஜாகுவார், மெர்சிடிஸ், மாசெராட்டி என்று வீட்டில் கார்கள் வரிசை கட்டின. 1958-ல் முதல் ஃபெராரி 250 ஜிடி வந்தது. ஒன்றோடு நிற்கவில்லை, அதே வகையில் மேலும் சில ஃபெராரிகள் வாங்கினார். வாங்கிய பிறகுதான் பிரச்னையே ஆரம்பம்.

கிளட்ச் என்னதான் செய்யுது?

கதைக்குப் போவதற்கு முன், இதைப் புரிந்துகொண்டால் அவர் கோபமும் புரியும்.

எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் சக்கரம் சில நேரம் நிற்கணும், சில நேரம் ஓடணும். இரண்டுக்கும் நடுவில் நின்று சேர்த்துவிடுவதும் பிரித்துவிடுவதும்தான் கிளட்சின் வேலை. எஞ்சின் பக்கம் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம். கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட் தன் ஸ்பிரிங் பலத்தால் இந்த பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நீங்க பெடலை மிதித்தால் அந்தப் பிடி விடும், கியர் மாற்றலாம். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் வண்டி குதித்துக் குதித்து ஆஃப் ஆனது ஞாபகம் இருக்கா? அந்த பிடிக்கும் இடம் காலுக்குப் பிடிபடாததுதான் காரணம்.

ஸ்போர்ட்ஸ் காரில் இந்தக் கணக்கு இன்னும் கஷ்டம். எஞ்சின் பலம் அதிகம் என்பதால் பிளேட்டை இறுக்கமாகப் பிடிக்கணும். அதற்கு ஸ்பிரிங்கை பலமாக வைத்தால் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும், டிராஃபிக்கில் முட்டி கழன்றுவிடும். ஸ்பிரிங்கை இளக்கினால் பிளேட் சறுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது, கருகிய வாடை வரும். சரி, பிளேட்டைப் பெரிசாக்கலாமே என்றால், பிடி நன்றாகக் கிடைக்கும், ஆனால் கனமான பிளேட் மிதித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கியர் சட்டென்று விழாது. பந்தயத்துக்குத்தான் கார் என்று நினைக்கிறவர் லேசான சின்ன பிளேட்டை வைப்பார், தேய்ந்தால் அடுத்த பந்தயத்துக்கு முன்னாடி மாற்றிக்கொள்வார். தினமும் ஓட்டப்போகும் காருக்கு அது சரிப்படுமா?

டிராக்டர்காரர் வேறு மாதிரி யோசிப்பார். உழவு நேரத்தில் கலப்பை பாதி மண்ணில் புதைந்திருக்கும், விவசாயி கிளட்சை பாதி மிதித்தபடியே இழுப்பார். நடு வயலில் கிளட்ச் போனால் அந்த சீசனே போச்சு. அதனால் எந்த பாகம் எத்தனை நாள் தாங்கும் என்பது ஃபெருச்சியோவுக்கு அத்துப்படி. மாரனெல்லோவில் இருந்த ஃபெராரி ஆட்கள் அவரை சாதாரண கஸ்டமராக நினைத்ததுதான் தப்பாகிப்போனது.

மாரனெல்லோவில் என்ன நடந்தது?

ஃபெராரியின் 3 லிட்டர் 12 சிலிண்டர் எஞ்சினை ஃபெருச்சியோவும் மதித்தார். ஆனால் சாலையில் ஓட்ட கார் ரொம்ப முரடு, சத்தம் அதிகம், உள்ளே வசதி போதாது என்பது அவர் எண்ணம். பந்தயக் காருக்கு சட்டை மாட்டி விற்கிறார்கள் என்று நினைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே கிளட்ச். திரும்பத் திரும்பத் தேய்ந்து, திரும்பத் திரும்ப மாரனெல்லோவுக்குப் போக வேண்டியதாயிற்று. போனால் காரை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், மணிக்கணக்கில் வெளியே உட்கார வைப்பார்கள், என்ன வேலை செய்கிறோம் என்று காட்டமாட்டார்கள். ஒரு மெக்கானிக்கை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே அவர் வண்டியைப் பிரித்தால் எப்படி இருக்கும்!

கடைசியில் தன் டிராக்டர் ஃபேக்டரியிலேயே காரைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே இருந்த கிளட்ச், தன் டிராக்டர்களுக்குத் தான் வாங்குகிற அதே வகை என்று தெரிந்தது. அதன்பின் என்ஸோ ஃபெராரியிடமே போய்ச் சொன்னார். டிராக்டர் ஓட்டத் தெரிந்தவருக்கு ஃபெராரி ஓட்டத் தெரியவில்லை, குறை காரில் இல்லை என்கிற தோரணையில் பதில் வந்தது. நாமே கார் செய்துவிடலாம் என்ற முடிவு அங்கேதான் பிறந்தது.

இது ஃபெருச்சியோ பின்னாளில் சொன்ன கதை என்பதையும் சேர்த்தே படிக்கணும். பல வருஷம் கழித்து, ஜெயித்தவர் தன் பக்கத்திலிருந்து சொன்னது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வசனம் கொஞ்சம் மாறும். கோபம் மட்டுமே காரணம் என்று நம்பவும் முடியவில்லை. டிராக்டரில் கைவந்த தொழில் அறிவும் பணமும் இருந்தது. சொகுசு கார் விற்றால் லாபம் பல மடங்கு என்பதும் அந்த வியாபாரிக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் செய்த முதல் கார்களைப் பார்த்தால், அந்த கிளட்ச் குறை வெறும் சாக்கு இல்லை என்பது தெரியும்.

செங்கல்லை சுமந்த முதல் கார்

1963-ல் சான்ட் அகாட்டா பொலோன்யேஸே என்ற ஊரில் ஃபேக்டரி எழுந்தது. மாரனெல்லோவிலிருந்து கார் எடுத்தால் சீக்கிரமே வந்துவிடும் தூரம். எஞ்சின் செய்ய யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? ஃபெராரியிலிருந்து 1961-ல் வெளியேறிய ஜியோட்டோ பிட்ஸரினியை. ஃபெராரி எஞ்சினைவிட எத்தனை குதிரைசக்தி கூடுதலாக வருகிறதோ, அதற்கேற்ப ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம்.

அதே வருஷம் டூரின் மோட்டார் ஷோவில் 350 ஜிடிவி என்ற மாதிரிக் காரை வைத்தார்கள். அதில் ஒரு சின்ன சிக்கல். எஞ்சின் பானெட்டுக்குள் அடங்கவில்லை! கார் சரியான உயரத்தில் நிற்கணுமே என்று உள்ளே செங்கல் பாரம் ஏற்றி, பானெட்டைத் திறக்காமலே ஷோவை ஓட்டிவிட்டார்கள். நம்ம ஊர் கல்யாண வீட்டு சமாளிப்பு தோற்றது போங்க.

ஆனால் அதற்கு அப்புறம் ஃபெருச்சியோ எடுத்த முடிவுதான் கவனிக்க வேண்டியது. பிட்ஸரினி கொடுத்தது கிட்டத்தட்ட பந்தய எஞ்சின். தினசரி ஓட்டத்துக்கு அது வேண்டாம், சாந்தப்படுத்துங்கள் என்று இளம் இன்ஜினியர் ஜான் பாவ்லோ டல்லாராவிடம் சொன்னார். காசு கொடுத்து வாங்கிய குதிரைசக்தியைத் தானே குறைத்துக்கொண்டார். 1964-ல் ஜெனிவாவில் வந்த 350 ஜிடி, 280 குதிரைசக்தி அளவில், மென்மையாக, நீண்ட தூரம் அலுப்பில்லாமல் ஓட்டும் காராக இருந்தது. ஐந்து கியர் கொண்ட இசட்.எஃப் கியர்பாக்ஸை ஜெர்மனியிலிருந்து வாங்கிப் போட்டார்கள்.

அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. 1966-ல் வந்த 400 ஜிடி 2+2 காரில் தங்கள் சொந்த கியர்பாக்ஸையே வைத்துவிட்டார்கள். அதன் விசேஷம், ரிவர்ஸ் கியருக்கும் சின்க்ரோமெஷ். அது என்ன? கியர்பாக்ஸுக்குள் இரண்டு பற்சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது அவசரமாகச் சேர்த்தால் கரகரவென்று அடித்துக்கொள்ளும். சேர்வதற்கு முன்னாடி இரண்டின் வேகத்தையும் உரசிச் சமமாக்கும் வளையம்தான் சின்க்ரோமெஷ். முன்னே போகும் கியர்களுக்கு அது வழக்கமாகிவிட்ட காலம்தான். ஆனால் ரிவர்ஸுக்கு யாரும் மெனக்கெடமாட்டார்கள். வண்டி நின்ற பிறகுதானே ரிவர்ஸ் போடப் போகிறோம் என்று விட்டுவிடுவார்கள். பந்தயத்தில் ரிவர்ஸுக்கு வேலையே கிடையாது. ஓட்டலுக்கு முன்னாடி கோட்டு சூட்டோடு கார் நிறுத்துகிறவருக்குத்தான் அது தேவை. ரிவர்ஸில் கூட சத்தம் வரக்கூடாது என்று நினைத்த கம்பெனி, யாருக்காக கார் செய்தது என்பது இந்த ஒரு பாகத்திலேயே தெரிந்துவிடும்.

மியுரா: புகழும் கொடுத்தது, தலைவலியும் கொடுத்தது

இந்த இடத்தில்தான் கதை திரும்புது. டல்லாரா, பாவ்லோ ஸ்டான்ஸானி, நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ், மூன்று பேரும் இளைஞர்கள், பந்தயப் பிரியர்கள். முதலாளி ரேஸுக்கு ஒத்துக்கமாட்டார். 1948-ல் உணவகத்தில் மோதியவர் ஆச்சே! அதனால் வேலை நேரத்துக்கு அப்புறம் தாங்களாகவே ஒரு காரை வரைந்தார்கள். 12 சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், குறுக்குவாட்டில் வைப்பது. சரி, விளம்பரத்துக்காவது ஆகட்டும் என்று ஃபெருச்சியோ சம்மதித்தார். மார்செல்லோ காண்டினி உடல் வடிவம் கொடுக்க, 1966 ஜெனிவா ஷோவில் மியுரா வந்து நின்றது. ஸ்பெயினின் புகழ்பெற்ற சண்டைக் காளைப் பரம்பரையின் பெயர் அது. ஃபெருச்சியோவும் ரிஷப ராசிக்காரர்தான், கம்பெனி சின்னத்தில் காளை வந்த கதையும் அதுவே.

உலகமே வாய் பிளந்தது. ஆனால் கிளட்ச், கியர் விஷயத்தில் மியுரா ஒரு பின்னடைவு என்றுதான் சொல்லணும். கியர் லீவர் ஓட்டுநர் பக்கத்தில், கியர்பாக்ஸோ எஞ்சினுக்கு அந்தப் பக்கம். நடுவில் நீளமான கம்பி இணைப்பு. கம்பி நீண்டால் கைக்கு உணர்வு மங்கும், கியர் மாற்ற பலம் கொடுக்கணும். இன்னொரு சங்கடம், இடம் போதாமல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே வார்ப்பில் செய்து, இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஊற்றினார்கள். பற்சக்கரம் தேய்ந்து வரும் இரும்புத்தூள் எஞ்சின் ஆயிலில் கலக்கும். கடைசியாக வந்த எஸ்.வி மாடலின் பிந்தைய கார்களில்தான் இரண்டு ஆயிலையும் பிரித்தார்கள்.

இதற்குத் தீர்வு வந்தது அடுத்த காரில். 1971-ல் ஜெனிவாவில் காட்டிய கவுன்டாச். ஸ்டான்ஸானி எஞ்சினை நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு முன்னால், இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். லீவர் கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கம்பிக்கு வேலையே இல்லை! அப்படியானால் பலம் பின்சக்கரத்துக்கு எப்படிப் போகும்? எஞ்சினின் அடிப்பகுதிக்குள் ஒரு ஷாஃப்ட்டை ஊடுருவ விட்டு பின்னால் கொண்டுபோனார்கள். கியர் மாற்றும்போது கைக்கு நல்ல உணர்வு கிடைக்கணும் என்பதற்காக இவ்வளவு சுற்று சுற்றியது பெரிய விஷயம்தான்.

ஆனால் பாருங்க, அதே கவுன்டாச்சின் கிளட்ச் பெடல், மிதித்தால் கால் நடுங்கும் அளவுக்குக் கடினம் என்று பேர் வாங்கியது. கிளட்ச் குறை சொல்லி ஆரம்பித்த கம்பெனியின் அடையாளமே கடைசியில் கனமான கிளட்ச் ஆகிப்போனது. ஆனா, அந்தப் பழியை ஃபெருச்சியோ தலையில் போட முடியாது. கவுன்டாச் வாடிக்கையாளர் கைக்குப் போன 1974-ல் அவர் கம்பெனியிலேயே இல்லை.

ஏன் விட்டுப் போனார்?

அடி விழுந்தது காரில் இல்லை, டிராக்டரில். பொலிவியாவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததால் அந்த நாட்டின் பெரிய டிராக்டர் ஆர்டர் ரத்தானது. செய்து முடித்த டிராக்டர்கள் தேங்கின. டிராக்டர் கம்பெனி 1973-ல் சாமே என்ற இத்தாலிய நிறுவனத்துக்குப் போனது. கார் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை 1972-ல் ஜார்ஜ் ஹென்றி ரோசெட்டி என்ற சுவிஸ்காரருக்கு 6 லட்சம் டாலருக்கு விற்றார். மீதியையும் 1974-ல் ரெனே லைமர் என்ற இன்னொரு சுவிஸ்காரருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அப்போது வயது 58. தன் பெயர் பொறித்த காரில் இனி தனக்கு ஒரு போல்ட் கூட சொந்தமில்லை என்ற நிலை.

உம்ப்ரியாவில் டிராசிமேனோ ஏரிக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, பிறந்த வீட்டுத் தொழிலுக்கே திரும்பினார். திராட்சை! அந்தத் தோட்டத்து ஒயினுக்கு 'மியுராவின் ரத்தம்' என்று அர்த்தம் வரும் பெயர் வைத்தார். கிட்டத்தட்ட 20 வருஷம் அப்படியே போனது. 1993 பிப்ரவரி 20-ம் தேதி, மாரடைப்பு வந்து சில நாட்களில், பெரூஜியாவில் 76 வயதில் காலமானார். ரெனாட்ஸோவிலேயே அடக்கம் செய்தார்கள். அவரோடு மோதிய என்ஸோ ஃபெராரி அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1988-ல் இறந்திருந்தார்.

கடைசித் தகவல் ஒன்று. இன்று ஷோரூமில் போய் கிளட்ச் பெடல் உள்ள புது லம்போர்கினி கேட்டால் கிடைக்காது. 2013-ல் நின்றுபோன கல்லார்டோவோடு மேனுவல் கியர் முடிந்தது, அடுத்து வந்த ஹுராகானில் அது வரவே இல்லை. பழைய பெடலைப் பார்க்கணும் என்றால் பொலோன்யாவுக்குப் பக்கத்தில் மகன் டோனினோ அமைத்த அருங்காட்சியகத்துக்குத்தான் போகணும். அங்கே கரியோகா டிராக்டரும் மியுராவும் ஒரே கூரைக்குக் கீழே நிற்கின்றன.